பழசை அழிச்சிரு

அலங்காநல்லூரில் பஸ் ஏறும்போதே, தனசிங் சாரிடம் படித்த விருமாண்டி சாவு வீட்டுக்குப் போகிற முகத்தோடுதான் ஏறினார். கையில் ரோஜா மாலை. பசுமலையில் இறங்கி, தனசிங் சார் வீட்டுக் கேட்டைத் திறந்து, "எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே சார்!" என்று வாசலில் நின்று ஒரு பாட்டம் அழுதும் முடித்தார்.

கதவைத் திறந்தது தனசிங் சார்தான்.

போன வாரம் ஆனிமேரி வீட்டில் அடித்துக்கொண்டே இருந்த போனை எடுக்க ஆளில்லாமல் விட்டுவிட்டு வந்தோம் அல்லவா? அந்த போன் இந்தக் கூத்தைச் சொல்லத்தான் அடித்தது.

நடுவில் ஒன்றிரண்டு வாரம் தவறவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. தனசிங் சார் மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் நெஞ்சில் ஆபரேஷன் செய்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்று இருந்து மீண்டு வந்தவர். அவர் மகன் செல்வினுக்குத்தான் ஆனிமேரியின் மகள் ஆஷ்லினைப் பேசி முடித்திருக்கிறது. கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது நாளைக்கு.

கார்டு அடித்தது பெண் வீடு. ஆனிமேரியின் வீட்டுக்காரர் யேசுதாஸ் டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சகம் வைத்திருக்கிறார். கீழே அச்சகம், மேலே வீடு. சொந்தப் பெண்ணின் கார்டை வெளியே கொடுத்தா அடிப்பார்கள்?

அந்தக் கார்டில்தான், மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால், 'காலஞ்சென்ற' என்று அழகாக அச்சாகியிருந்தது.

சனிக்கிழமை காலை. அச்சகத்தில் மிஷின் ஓடவில்லை. மிஷின் ஓட்டுகிற சோணை கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். யேசுதாஸ் நாற்காலியில் உட்கார்ந்து கார்டை மகனிடம் நீட்டினார்.

"படிடா."

ஜெர்சன் படித்தான். "காலஞ்சென்ற திரு. ம. தனசிங் அவர்களின் குமாரன்..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

"இம்புட்டுத் தெளிவா அடிச்சிருக்கு. உன் கண்ணு எங்கடா போச்சு?"

"நான் திருத்துனேன்ப்பா. அம்மா ப்ரூஃப்ல சுழிச்சுக் குடுத்தாங்க. அன்னைக்கே எடுத்துட்டேன்."

"எடுத்தது எப்படிடா திரும்ப வரும்? காலஞ்சென்றது தானா எந்திரிச்சு வந்து உக்காந்துக்கிச்சாக்கும்?"

சோணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சொல் கார்டுக்குள் வந்த வழி எல்லா அச்சகத்திலும் உள்ள வழிதான். புதிய கார்டை யாரும் முதலிலிருந்து அடிப்பதில்லை. ஏற்கெனவே அடித்த வேறு ஒருவர் கார்டைத் திறந்து, பெயர்களை மட்டும் மாற்றுவார்கள். முந்தின பார்ட்டியின் கார்டில் மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அவர் பெயர் போய்விட்டது, அவர் சாவு மட்டும் தங்கிவிட்டது. முதல் ப்ரூஃபில் ஆனிமேரி அதைக் கண்டுபிடித்து, சிவப்பு மையில் சுழித்து, "கடவுளே, சம்பந்தியையே கொன்னுருப்பீங்களேடா" என்று வீடே கேட்கச் சிரித்தாள்.

ஜெர்சன் மாடிக்கு ஓடினான். மேலே இருக்கிற கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து பார்த்தான். இறங்கி வந்தபோது ஆளே வேறு மாதிரி இருந்தான்.

"மேலயும் அப்படியேதான் இருக்குப்பா," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சேவ் பண்ணாம எந்திரிச்சிருப்பேன் போல. என் தப்புதான்," என்றான்.

மாடிப்படியின் பாதியில் காபி டம்ளர்களோடு ஆனிமேரி நின்றுகொண்டிருந்தாள். 'மேலயும் அப்படியேதான் இருக்கு' என்று அவன் சொன்ன அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. இது ஜெர்சன் தப்பு இல்லை.

அந்த வீட்டில் பழசு, புதுசு என்றால் கம்ப்யூட்டரைத்தான் குறிக்கும். பழசு மாடியில், ஹாலில் இருக்கிறது. ஜெர்சன் டிசைன் வேலை எல்லாம் அதில்தான் செய்வான். புதுசு கீழே, அச்சகத்தில். அச்சுக்குப் போவது புதுசிலிருந்து. இரண்டுக்கும் நடுவே மாடிப்படிச் சுவரில் நீல ஒயர் ஓடுகிறது. அந்த ஒயர் வழியாகப் பார்த்தால் ஒன்றுக்கு மற்றது பெயரோடு தெரியும். ஜெர்சன் வேறு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, ஆங்கில எழுத்தில் பழசு, புதுசு என்றே வைத்துவிட்டான்.

இரண்டிலும் 'கல்யாணம்' என்று ஒரே பெயரில் ஒரு ஃபோல்டர். மேலே ஒரு ஃபைல் மாறினால் கீழேயும் மாற வேண்டும், கீழே மாறினால் மேலே. அதற்கென்று ஒரு புரோகிராம் போட்டிருந்தான். பட்டனை அமுக்கினால் அது இரண்டு ஃபோல்டரையும் ஒப்பிட்டுப் பார்த்து, பிந்தி மாறியது எதுவோ அதை எடுத்து அடுத்ததன்மேல் வைத்துவிடும். ஜெர்சன் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னான். ஆனிமேரி, "ரெண்டையும் ராசி பண்றதுனு சொல்லுடா" என்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பட்டனை அமுக்குவது அவள் வேலையாகிவிட்டது. "ராசி பண்ணியாச்சா மேரி?" என்று யேசுதாஸ் கீழேயிருந்து கேட்பார். அவளுக்கு அதில் தனிப் பெருமை. ஸ்டாஃப் ரூமில் வேறு சொல்லி வைத்திருந்தாள், எங்க வீட்டு நெட்வொர்க்கை நான்தான் பார்த்துக்கிறேன் என்று.

சம்பவ நாளன்று ஜெர்சன் பேப்பர் எடுக்க சிவகாசி போயிருந்தான். போவதற்கு முன் மாடியில் பழசில் உட்கார்ந்து 'காலஞ்சென்ற'வை எடுத்துவிட்டுத்தான் போனான். அவன் போன பிறகு, கீழே புதுசில் யேசுதாஸ் அதே கார்டைத் திறந்து ஒரு காரியம் செய்தார். பெண்ணின் தகப்பன் என்று போட்டிருந்த தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வார்களே.

ஆக, மேலேயும் மாறிவிட்டது, கீழேயும் மாறிவிட்டது. சாயங்காலம் ஆனிமேரி பட்டனை அமுக்கியபோது புரோகிராம் முதல் தடவையாகத் தானாக ராசி பண்ணாமல் நின்றது. பெட்டி ஒன்று திறந்து, இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு என்று எழுதி, எதை வைத்துக்கொள்ளட்டும் என்று அவளைக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஜெர்சன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தான். "ராசி பண்ண மாட்டேங்குதுடா, எதை வச்சுக்கணும்னு கேக்குது," என்றாள். அவன் அவசரத்தில் இருந்தான். "புதுசை வச்சுக்கம்மா. பழசை அழிச்சிரு," என்றான்.

புதிதாகத் திருத்தியதை வைத்துக்கொள், பழைய பிரதியை அழித்துவிடு என்றுதான் அவன் சொன்னான். அவள் திரையைப் பார்த்தாள். 'புதுசு' என்று எழுதியிருந்த பக்கத்தை அமுக்கினாள். மகன் மாடியில் திருத்தியது ஒரு கண் சிமிட்டலில் போய்விட்டது. தான் சிவப்பு மையில் சுழித்த சொல்லைத் தானே இரண்டு கம்ப்யூட்டரிலும் பத்திரமாகக் குடிவைத்துவிட்டு, காபி போடப் போனாள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிலேடை நடத்துகிறவள். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் எப்படி வரும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள்.

மூன்று படி இறங்கினால் போதும். 'அவனைத் திட்டாதீங்க, நான்தான்' என்று சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தும் விட்டாள். அதற்குள் யேசுதாஸ் அவள் பக்கம் கையை நீட்டினார்.

"உங்கம்மாவைப் பாரு. ஒரு நாள் படிச்சதில்ல கம்ப்யூட்டர். இன்னைக்கு வரைக்கும் அவ கையில ஒரு தப்பு வந்திருக்கா? ஒத்தை எழுத்து பிசகுனா கண்டுபிடிச்சிருவா. அவ வயித்துல பிறந்துட்டு நீ..."

மேற்கொண்டு அவர் சொன்னது எதுவும் ஆனிமேரி காதில் விழவில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது. 'காபி ஆறுது' என்றாள். இதைத்தான் சொன்னாள். நம் டீச்சரம்மாவுக்கு அந்த நேரத்தில் வாய்த்தது இவ்வளவுதான்.

ஆஷ்லின் படியில் அவளைத் தாண்டி இறங்கிப் போனாள். அண்ணன் கையிலிருந்த கார்டைப் பிடுங்கி அவன் முகத்திலேயே எறிந்தாள். "அந்த மாமா முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்? ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவர்டா," என்று அழுதாள். ஜெர்சன் குனிந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

ஆனிமேரி அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ப்ரூஃப்தான் பார்த்தாயிற்றே என்று யாரும் மறுபடி படிக்காமல், கார்டைக் கவரில் போட்டு ஒட்டித்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சம்பந்தி வீட்டுக்குச் சிரமம் வேண்டாம் என்று யேசுதாஸ் செய்த மரியாதை. அவர்களும் பிரித்துப் பார்க்காமல் கவர்மேல் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கார்டு எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது, இன்னும் எத்தனை பேர் மாலையோடு பஸ் ஏறுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"நேர்ல போய் காலைப் பிடிக்கிறதைத் தவிர வழியில்ல. நீயும் வாடா. செஞ்சவன் வரணும்," என்றார் யேசுதாஸ்.

பசுமலை பஸ்ஸில் ஆனிமேரி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தப்பு செய்தவளுக்குப் பயம் இருக்கும், அவளுக்கும் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு கூச்சம் இருந்தது. தனசிங் சாரிடம்தான் அவள் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். 'ஆனிமேரி டீச்சர் திருத்தின பேப்பரை நான் மறுபடி பார்க்கத் தேவையில்ல' என்று மேடையில் சொன்னவர். அந்த மனுஷன் முன்னால் போய், பட்டனைத் தப்பாக அமுக்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

தனசிங் சார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "வாங்க சம்பந்தி. வாங்க டீச்சர். உயிரோடதான் இருக்கேன், தைரியமா வாங்க," என்றார்.

யேசுதாஸ் உட்காரவில்லை. "மன்னிச்சுருங்க சம்பந்தி. என் பையனோட கவனக்குறைவு. புதுக் கார்டு அடிச்சு, வீடு வீடாப் போய் நானே மாத்திக் குடுத்துட்டு வாரேன்."

"அது கிடக்கட்டும். பாவம், விருமாண்டிக்குத்தான் சங்கடமாப் போச்சு. அம்புட்டு அழுதது வீணாயிருச்சேனு மாலையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னான். நான்தான் வாங்கிப் பைபிளுக்குப் பக்கத்துல வச்சேன்."

அவர் சிரித்தார். அவர் மனைவி கிரேஸம்மா சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அழ ஆரம்பித்தாள்.

"ஆபரேஷன் ரூம் வாசல்ல நான் எப்படிக் கிடந்தேன்னு எனக்குத்தான் தெரியும். இவரை எனக்குத் திருப்பிக் குடுன்னு கேட்டுக் கேட்டு வாங்கினேன். நீங்க ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்களே. ஊரெல்லாம் போட்டுக் குடுத்துட்டீங்களே!"

"கிரேஸ், போதும் விடு," என்றார் சார்.

"விட மாட்டேன். இந்தத் தம்பிக்கு இது விளையாட்டு வேலை. கோயில் வாசல்ல எங்க பையனுக்கு மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறது மச்சினன்தானே? இவன் கையால வேணாம். அன்னைக்கு இவன் என் கண்ணுல படவே வேணாம்."

ஜெர்சன் தரையைப் பார்த்தபடி, "சரிங்க அத்தை," என்றான்.

ஒரே தங்கை. அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து சைக்கிளில் கொண்டுபோய் விட்டவன். கல்யாணத்துக்கென்று கோட் தைக்கக் கொடுத்துவிட்டு, தினம் போய் டெய்லரை நச்சரித்துக்கொண்டிருந்தவன். அவன்தான் 'சரிங்க அத்தை' என்று சொன்னான்.

தனசிங் சார் அவள் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க ப்ரூஃப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"இந்தச் சொல்லு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். சுழிச்சுக் குடுத்தேன்."

"அதான பார்த்தேன். டீச்சர் கண்ணுக்குத் தப்பாதே," என்றார் அவர்.

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் அவள் பொய் சொல்லிவிட்டாள். பக்கத்தில் மகன் உட்கார்ந்திருக்கிறான். அவன் தோள் அவள் தோளில் படுகிறது. அவள் எட்டிப் போகவும் முடியாமல் ஒட்டவும் முடியாமல் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

விடைபெற்று பஸ் ஸ்டாப்புக்கு வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. யேசுதாஸ் ரோட்டைக் கடந்து கடைக்குச் சோடா குடிக்கப் போனார். ஆனிமேரி திடீரென்று, "கண்ணாடியை அங்கயே வச்சுட்டேன்டா. எடுத்துட்டு வாரேன்," என்றாள்.

"நான் போறேம்மா."

"நீ போனா அவங்க... நீ இரு. நானே போறேன்."

கண்ணாடி கைப்பையில் இருந்தது.

சார் இன்னும் வராந்தாவில்தான் இருந்தார். கிரேஸம்மா உள்ளே போய்விட்டாள். ஆனிமேரி படியேறாமல் கீழேயே நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பழசு, புதுசு, நீல ஒயர், பெட்டி, சிவகாசி போன் எல்லாம். சொல்லி முடித்தபோது கண்ணீர் முகவாயில் சொட்டியது.

"நான்தான் சார். அவன் இல்ல."

தனசிங் சார் வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தப்பு செய்த பிள்ளையை நிறுத்தி வைத்துவிட்டு இப்படித்தான் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார்.

"அந்தக் கார்டைப் பத்தி எனக்கு வருத்தமே இல்ல டீச்சர். சாவைப் பக்கத்துல போய்ப் பார்த்துட்டு வந்தவன் நான். அந்தச் சொல்லு என்னை என்ன செய்யும்? இப்பத்தான் வருத்தமா இருக்கு."

"சார்..."

"அந்தப் பையன் என் முன்னால தலையைத் தொங்கப் போட்டுட்டு இருந்தான். நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. இப்ப அவன் இல்லாதப்ப வந்து என்கிட்ட சொல்றீங்க. எனக்கு எதுக்கு இது?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கிரேஸ்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க பாடு. ஆனா அதுக்கும் முந்தி நீங்க சொல்ல வேண்டியவங்க இருக்காங்க. போயிட்டு வாங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஆனிமேரிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டைச் சாத்திவிட்டு நடந்தாள். சாரிடம் சொன்னால் பாரம் இறங்கும் என்றுதான் வந்தாள். மகனிடம் சொல்வதைவிட அது சுலபம் என்றுதான் வந்தாள். அது அவருக்குத் தெரிந்துவிட்டதே என்று உடம்பெல்லாம் கூசியது.

பஸ் ஸ்டாப்பில் ஜெர்சன் தனியாக நின்றான். யேசுதாஸ் இன்னும் எதிர்க்கடையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி கிடைச்சதாம்மா?"

"தொலையவே இல்லடா." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஜெர்சன், நீ சேவ் பண்ணாமப் போகல. அன்னைக்கு நான்தான்..."

"தெரியும்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"மேல ஃபைலைத் திறந்தப்பவே தெரிஞ்சிருச்சு. புதுசை வச்சுக்கன்னு நான்தானே போன்ல சொன்னேன். அந்தப் பேரையும் நான்தான் வச்சேன். உன்மேல தப்பு இல்ல."

"அப்புறம் ஏன்டா அப்பாகிட்ட உன் தப்புன்னு சொன்ன?"

ஜெர்சன் எதிர்க்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "நீ படியில நின்னுட்டிருந்தியேம்மா. நான் சொன்னாக் காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும். நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லல. சரி, உனக்கு வெக்கமா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். குத்திக்காட்டவில்லை. 'சார் வீட்லயும் சொல்லுவேன்னு பார்த்தேன்' என்று மட்டும், பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி, மெல்லச் சொன்னான்.

பெற்ற பிள்ளை தனக்காகக் காத்திருந்து காத்திருந்து ஏமாந்திருக்கிறான், அதுவும் ஒரே நாளில் இரண்டு தடவை. பஸ் வந்ததும் யேசுதாஸும் வந்து சேர்ந்துகொண்டார். ஆனிமேரி கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி, இப்பவே எல்லார் முன்னாலும் அழுதுவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

சந்துக்குள் நுழையும்போதே ஆஷ்லின் அச்சக வாசலில் நிற்பது தெரிந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, செல்வின் போன் பண்ணாரு. அத்தை போதகருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்களாம். நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்க வேணாமாம். மனசு சரியில்லையாம். கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்றாங்களாம்."

யேசுதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

ஆஷ்லின் அண்ணனிடம் போனாள். "சந்தோஷமா? இப்ப உனக்கு நிம்மதியா? ஒரு வேலையாவது ஒழுங்கா செஞ்சிருக்கியாடா நீ? என் கல்யாணத்தையா கெடுக்கணும்?"

ஜெர்சன் அசையவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை. அவன் பார்க்காமல் நின்றது ஏன் என்று ஆனிமேரிக்குத் தெரியும். பார்த்தால் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறான், பைத்தியக்காரப் பிள்ளை.

சோணை மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். யார் நிற்கிறார்கள் என்று ஆனிமேரி இந்தத் தடவை கணக்குப் பார்க்கவில்லை.

"ஆஷ்லின், அவனை விடு. செஞ்சது நான்," என்றாள்.

"என்ன மேரி சொல்ற?" யேசுதாஸ் எழுந்தார்.

"அவன் திருத்தி வச்சுட்டுத்தான் சிவகாசி போனான். சாயங்காலம் ராசி பண்ணும்போது எதை வைக்கன்னு கேட்டுச்சு. அவன் போன்ல புதுசுன்னு சொன்னதைக் கீழ உள்ள கம்ப்யூட்டர்னு நினைச்சு நான் அமுக்குனேன். அவன் திருத்துனது அழிஞ்சு போச்சு. என் கையாலதான் அழிஞ்சது."

யேசுதாஸ் புதுசின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்று கீழே அந்த ஃபைலைத் தானும் தொட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெல்ல மறுபடி உட்கார்ந்தார்.

ஆஷ்லின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான், பஸ்ஸில் வரும்போதுதான் என்று சொன்னால் நம்பியும் இருப்பார்கள்.

"காலையிலயே," என்றாள் ஆனிமேரி.

ஆஷ்லின் கத்துவாள் என்று பார்த்தாள். கத்தவில்லை. அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த போனை இழுத்து, பசுமலை நம்பரைச் சுழற்றி, ரிசீவரை அம்மாவிடம் நீட்டினாள்.

"அத்தைகிட்ட நீயே சொல்லு. இங்கயே, எங்க எல்லார் முன்னாலயும் சொல்லு."

அந்தப் பக்கம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, யாருங்க?" கிரேஸம்மாவின் குரல் இன்னும் அழுகையிலேயே இருந்தது.

எந்தப் போனை எடுத்தாலும் 'ஆனிமேரி டீச்சர் பேசுறேன்' என்றுதான் அவள் ஆரம்பிப்பாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம்.

"நான்... ஆனிமேரி பேசுறேன்," என்றாள்.